முழங்கிய சங்கம்

சங்கம் என்ற சொல் செவியில் விழுந்த அளவிலே தமிழ் மக்கள் உள்ளத்தில் மதுரையும் பாண்டியர் அவையும் தோன்றும். தாயகம் விட்டுப் பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கோ, தாய்மொழியில் வாய்விட்டுப் பேசுதற்கு வாய்த்த ஓர் இடத்தையும் அச்சொல் குறிக்கும். இதே பெயர் தாங்கிய வானொலி நிலையம் ஒன்று தெலுங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் எழுந்தது. அதன் வரலாறு நாம் அறியத்தக்கது.

நம் நாட்டில் வானொலி முதற்கண் அரசாங்கத்தின் கையில் பிறக்கவில்லை. ஆர்வலர் கழகங்களின் முயற்சியால் பிறந்தது. 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அதன் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் கழகம் ஓய்ந்தது. 1930-இல் சென்னை நகராண்மைக் கழகம் அப்பணியை மேற்கொண்டது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் ஏற்பட்டது. இசையும் நாடகமும் செய்தியும் இல்லந்தோறும் புகுந்தன. அது பெரும்பயனே. ஆயினும், பேசுவோர் சிலர், கேட்போர் பலர் என்னும் நிலையும் அதனோடு வேரூன்றியது.

1956-இல் புனா நிலையத்தின் வாயிலாக ஒரு புதுமுயற்சி நடைபெற்றது. ஏறக்குறைய 150 ஊர்களில் வானொலி மன்றங்கள் அமைந்தன. உழவர்கள் கூடியிருந்து கேட்டனர், கேட்டதை ஆராய்ந்தனர், தம் ஐயங்களை நிலையத்திற்கு எழுதி அனுப்பினர். நாட்டுப்புற மக்கள் செவி மட்டும் படைத்தவர் அல்லர், கருத்தும் உடையவர் என்பது அன்று புலனாயிற்று. ஆனால் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்தவர் ஒலிவாங்கியின் முன் அமர்வதற்கு இன்னும் அரை நூற்றாண்டு கழியவேண்டியிருந்தது.

திருப்பம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை பற்றி எழுந்த வழக்கொன்றில், வான் அலைகள் பொதுமக்களின் உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆட்டக்களத்தில் தொடங்கிய வழக்கு, ஏர்க்களத்து மக்களுக்கும் வழி திறந்தது. 2002-இல் கல்வி நிலையங்களுக்கு உரிமம் வழங்க அரசாங்கம் இசைந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அத்தகைய முதல் நிலையம் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006-இல்தான் வாயில் திறந்தது.

அவ்வாயிலில் நெடுநாள் காத்திருந்தவர், அன்றைய மெதக்கு மாவட்டத்து மாச்சனூரைச் சுற்றியுள்ள ஊர்களின் ஏழை உழவுப் பெண்கள். தீண்டாமையின் கொடுமையை நேரில் அறிந்தவர். தக்காண வளர்ச்சிக் கழகத்தின் துணையோடு ஊர்தோறும் சங்கம் அமைத்து, தினையும் சோளமும் விளைத்து, பழைய விதைகளைப் பேணி வந்தனர். ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பின் உதவியால் 1998-லேயே அவர்களுக்கு ஒலிப்பதிவு வசதி கிடைத்தது. உரிமம் மட்டும் கிடைக்கவில்லை. அவர்கள் சோர்ந்திலர். பாட்டையும் பேச்சையும் ஒலிநாடாவில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்தனர்.

2008 அக்டோபர் 15-ஆம் நாள் அவர்களுடைய ‘சங்கம் வானொலி’ முழங்கிற்று. 1995-இல் தீர்ப்பளித்த நீதிபதிகளுள் ஒருவராகிய பி. பி. சாவந்து அவர்களே வந்து தொடங்கிவைத்தார். நரசம்மா என்னும் ஒரே பெயர் கொண்ட இரு பெண்கள் நிலையப் பணியைத் தாங்கினர். விதை, மருந்து, பெண்டிர் துயர், நாட்டார் பாடல் யாவும் அவ்வூர்ப் பேச்சு நடையிலேயே ஒலித்தன. ஏட்டு நடை தெரியாதே என்று நாணி நின்றவர், தம் நடையே வானில் வரக் கேட்டுத் தலைநிமிர்ந்தனர். நம் நாட்டிலும் பாம்பன் தீவில் 2016-இல் மீனவ மக்களுக்கென்று ‘கடல் ஓசை’ எழுந்தது.

குறை ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டு விதிகள் இத்தகைய நிலையங்கள் செய்தியும் அரசியலும் ஒலிபரப்புவதைத் தடுத்தன. பொய்யும் பகையும் பரவுமோ என்னும் அச்சம் அறவே பொருளற்றதன்று. ஆயினும் தன் ஊர்க் கிணறு ஏன் வற்றியது என்பதே ஓர் உழவனுக்குத் தலையாய செய்தி. அதைக் கேட்கலாம், சொல்லலாகாது என்றால், பெற்ற உரிமை பாதியே ஆகும்.

இவ்வரலாற்றை ஆண்டு விழா மலரில் எழுதக் காரணம் உண்டு. நம் இல்லங்களில் பெற்றோர் தமிழில் வினவ, பிள்ளைகள் வேற்றுமொழியில் விடை கூறுவதைக் காண்கிறோம். தமிழ் அவர்கள் செவியில் இருக்கிறது, நாவில் இல்லை. மேடையில் பெரியோர் பேச, இளையோர் கேட்டிருந்து கலைவதோடு நம் சங்கப்பணி முடிந்துவிடலாகாது. பிழைபடினும் அவர்கள் பேசட்டும்; நாம் கேட்போம். மாச்சனூர்ச் சங்கம் நம் சங்கத்திற்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.