கடன் தீர்ந்த பின்: நாணயம் யார் ஏட்டில்?



தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். கூட்டுறவு இயக்கம் இங்கே வந்தபோது கடன் சங்கத்துக்கு 'நாணயச் சங்கம்' என்றே பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் ஒருவர் நாணயமானவரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இந்த உரை அந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடுகிறது.

கடனைப் பற்றி நம் இயக்கங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. கந்துவட்டியை எதிர்த்திருக்கிறோம், கொத்தடிமைகளை மீட்டிருக்கிறோம், தள்ளுபடி கேட்டுச் சாலை மறித்திருக்கிறோம். கடன் தீர்ந்த மறுநாளைப் பற்றி நாம் பேசியது குறைவு. விதைக்கும் மருத்துவத்துக்கும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் மறுநாளும் பணம் வேண்டும். அந்தப் பணத்தை எந்த வாசலில் போய்க் கேட்பது என்பதைப் பொறுத்தே விடுதலை நிலைக்கிறது, அல்லது கைநழுவுகிறது.

கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போனால் வளவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று 'நாடு' எனப் பெயர் முடியும் ஊராட்சிகள். வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளி பரவியது. சாமையை வீட்டில் வைத்து உண்ணலாம். மரவள்ளிக் கிழங்கு மலையிறங்கிச் சேலம், ஆத்தூர், ராசிபுரம் பகுதிகளின் சவ்வரிசி ஆலைக்குப் போயாக வேண்டும். பயிர் மாறியதோடு கடனும் மாறியது. தொம்பையிலும் குதிரிலும் தானியம் இருந்தவரை அண்டை வீட்டாரிடம் விதை வாங்கி, அறுவடையில் அளந்து திருப்பலாம். அந்தக் கொடுக்கல் வாங்கலில் சாட்சி ஊர்தான். சந்தைப் பயிருக்கு உரமும் கூலியும் ரொக்கமாக வேண்டும். அந்த ரொக்கம் வியாபாரியின் முன்பணமாக வந்தது. முன்பணம் வாங்கியவர் விலை பேச முடியாது. விளைச்சலை அவரிடமே போட வேண்டும். நிலம் போக்கியத்துக்குப் போனால் மீட்கும்வரை விளைச்சலும் அடுத்தவருடையது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன்பணத்தை ஆண்டு தவறாமல் கழித்தவர் பல முறை கடன் வாங்கி, பல முறை அடைத்தவர். வங்கியின் அளவுகோலால் பார்த்தாலும் அவர் நல்ல கடனாளி. ஆனால் அவர் அடைத்தது வியாபாரியின் சிட்டைப் புத்தகத்தில் ஒரு கோடு அடிப்பதோடு முடிந்துவிடுகிறது. வேறெங்கும் அது எழுதப்படுவதில்லை. ஏழையின் வரலாற்றில் கட்டாத கடனுக்கு ஏடு உண்டு, கட்டிய கடனுக்கு ஏடு இல்லை.

இது மலைக்கு மட்டும் உரிய கதையன்று. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கை, சிறு தொகைக் கடனுக்காகப் பறையர் மக்கள் படியாட்களாகக் கட்டுண்டு கிடந்ததைப் பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த ஆணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. முதல் பத்தாண்டு நிலத்தை விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். ஆயினும் நிலங்கள் பறிபோயின. நிலம் கொடுத்த அரசு, அதை உழுவதற்கான கடனை யார் தருவார் என்று கேட்கவில்லை. ஏர் வாங்கவும் விதை வாங்கவும் மீண்டும் அதே பண்ணையார் வாசலுக்குத்தான் போக நேர்ந்தது.

அதே காலத்தில் சென்னை மாகாணம் கடனுக்கு வேறு வழி தேடிக்கொண்டிருந்தது. பிரடெரிக் நிக்கல்சன் 1895, 1897ஆம் ஆண்டுகளில் அளித்த அறிக்கைகளில் ஜெர்மனியின் ரைபைசன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டினார். ஒருவரை ஒருவர் அறிந்த கிராமத்தார் ஒன்றாகப் பொறுப்பேற்றுக் கடன் பெறுவது அந்த முறை. 1904இல் சட்டம் வந்தது. அதே ஆண்டு திரூரில் நாணயச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆனால் 'ஒருவரை ஒருவர் அறிந்த கிராமம்' என்பது இங்கே ஊர், சேரி என்று இரண்டாகக் கிடந்தது. ஊர்க்காரர் ஜாமீன் நிற்காதவருக்குச் சங்கத்தில் நாணயம் இல்லை. அதனால்தான் 1920களில் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கெனத் தனிக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து மனைக்கட்டு வாங்கக் கடன் தர வேண்டியிருந்தது. குடியிருக்கும் மனை பண்ணையாருடையதாக இருக்கும்வரை கடனை அடைத்தாலும் பணிய வேண்டியிருந்தது.

அண்ணல் அம்பேத்கர் இதைத் தெளிவாகக் கண்டவர். 1947இல் அவர் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நிலத்தை அரசுடைமையாக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. நீர், உழவு மாடு, கருவி, எரு, விதை ஆகியவற்றை வழங்கிச் சாகுபடிக்கு முதல் போடுவதும் அரசின் கடமை என்றது. நிலமும் கடனும் ஒரே கையில் இருந்து வராவிட்டால், கடன் தருபவரே நிலத்தையும் ஆள்வார் என்பதை நாம் அதிலிருந்து கற்கிறோம்.

அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. அதற்கான தனிச் சட்டம் வர கால் நூற்றாண்டு ஆயிற்று. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாகவும் 1976இல் சட்டமாகவும் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், அந்தக் கடனை அடியோடு அழித்தது. அடமானச் சொத்தை விடுவித்தது. குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்தது. அழிந்த கடனுக்குப் பணம் வாங்குவதையே குற்றமாக்கியது. மாணவர்கள் இந்தச் சட்டத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். ஆனால் மீட்கப்பட்டவருக்கு அடுத்த கடன் எங்கிருந்து வரும் என்பதற்கு அதில் போதிய விடை இல்லை. 1978இல் நடுவண் அரசு கொண்டுவந்த மறுவாழ்வுத் திட்டம் ஒருவருக்கு 4,000 ரூபாய்வரை உதவி என்றது. அதுகூடக் கிடைக்காத இடங்களில், பழைய ஆண்டையே புதிய முன்பணத்தோடு எதிரே நின்றார்.

பிறகு தள்ளுபடிகளின் காலம். 2006இல் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. 2008இல் நடுவண் அரசு செய்தது. 2016இலும் 2021இலும் மாநில அரசு மீண்டும் செய்தது. ஒவ்வொன்றும் பல குடும்பங்களுக்கு மூச்சு விட இடம் தந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் தள்ளுபடி என்பது சங்கத்தின் ஏட்டில் இருப்பவருக்கே. வியாபாரியிடமும் வட்டிக்கடையிலும் வாங்கியவருக்குத் தள்ளுபடி செய்ய ஆளில்லை. பட்டா தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருக்கும் மலைக் குடும்பம் சங்கத்தின் ஏட்டில் ஏறுவதே கடினம். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தும், உயர் நீதிமன்ற இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது 2016வரை முடங்கியிருந்தது. ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக இங்கே ஓர் இடம்கூட அறிவிக்கப்படவில்லை.

இப்போது ஏடு கணினிக்குள் போய்விட்டது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் வந்தது. 300 முதல் 900வரையான ஓர் எண்ணில் நம் நாணயம் அடக்கப்படுகிறது. கிராமத்தில் இதைச் 'சிபில்' என்கிறார்கள். இங்கே இரண்டு சொற்களின் வேறுபாட்டை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். முழுத் தொகையும் கட்டி முடித்தால் கணக்கு 'முடிக்கப்பட்டது' என்று பதிவாகும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'சமரசத்தில் தீர்க்கப்பட்டது' என்று பதிவாகும். கடன்காரர் வீட்டு வாசலை விட்டுப் போய்விட்டார் என்ற நிம்மதியில் இரண்டாவதை ஏற்றுக்கொண்டவர், சில ஆண்டு கழித்துக் கல்விக்கடனுக்குப் போகும்போதுதான் அந்தச் சொல்லின் பாரத்தை அறிகிறார்.

ஆகவே கடன் தீரும் நாளில் செய்ய வேண்டியவை உண்டு. நிலுவையில்லாச் சான்றை எழுத்தில் வாங்க வேண்டும். அடமானப் பத்திரத்தைத் திரும்பப் பெற வேண்டும்; வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதை 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 ஆணை. ஆண்டுக்கொரு முறை கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். அதில் பிழை இருந்தால் முறையிடலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு உண்டு. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். பிறகு சிறிய கடன் ஒன்று வாங்கித் தவணை தவறாமல் கட்டினால் பதிவு மெல்ல மெல்லச் சீராகும். ஒரே நாளில் எண்ணை ஏற்றித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

தனியாளாக இதைச் செய்வது கடினம் என்பதைப் பெண்கள் நமக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டமும், 1992இல் நபார்டு தொடங்கிய குழு–வங்கி இணைப்பும் ஒரு புதிய ஏட்டை உருவாக்கின. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குநோட்டு ஆகிய ஐந்தையும் பார்த்து வங்கி குழுவை மதிப்பிடுகிறது. கணக்குநோட்டை எழுதுவது உறுப்பினரே. ஜாமீன் நிற்க ஊர்ப் பெரியவர் தேவையில்லை. கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு குழுக்கள் சிறுதானியம் அரைக்கும் எந்திரங்களை நடத்தின; விதை வங்கிகளையும் அமைத்தன. வாங்கிய விதையைக் கூடுதலாகத் திருப்பும் அந்தப் பழைய நாணயம் இப்போது நோட்டில் எழுதப்பட்டது. குழு முறையிலும் ஆபத்து இல்லாமலில்லை. அதே குழு வடிவத்தை நுண்கடன் நிறுவனங்கள் வசூலுக்குப் பயன்படுத்துகின்றன. ஒருத்தியின் தவணைக்காக அண்டை வீட்டுப் பெண்களே அவள் வாசலில் உட்கார வைக்கப்படுகிறார்கள். ஏட்டை எழுதும் பேனா யார் கையில் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் மூன்று. பழங்குடியினருக்கான 'லேம்ப்' கூட்டுறவுச் சங்கங்கள் வியாபாரியின் முன்பணத்துக்கு ஈடாக, விதைப்புக்கு முன்பே கடன் தர வேண்டும். குழுக் கணக்குநோட்டில் உள்ள உள்கடன் வரலாறு தனி உறுப்பினரின் நாணயத்துக்குச் சான்றாக ஏற்கப்பட வேண்டும். முன்வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதன்முறை கடன் கேட்பவரை மறுக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் மலைக் கிளைகளிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் கடன் அடைத்தவர்களின் ரசீதுகளையும் சிட்டைகளையும் குழு நோட்டுகளையும் திரட்டுங்கள், படியெடுங்கள், பாதுகாத்து வையுங்கள். நம் மக்கள் வாங்கிய கடனை வட்டிக்காரர் எழுதி வைத்தார். அவர்கள் அடைத்த கடனை நாம் எழுதி வைப்போம்.