வெளிமாறுகண் அறுவை சிகிச்சை (குழந்தைகள்)

வெளிமாறுகண் அறுவை என்பது காதுப்பக்கம் ஒதுங்கும் கண்ணை, விழியை அசைக்கும் தசைகளின் இழுப்பை மாற்றி நேராக்குவது. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது விட்டுவிட்டு வரும் வகை. களைப்பிலும் காய்ச்சலிலும் தூரத்தில் பார்க்கும்போதும் கண் ஒதுங்கும், கூப்பிட்டால் நேராகிவிடும். வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.

இவ்வறுவை முதலில் செய்யப்பட்டது நேரெதிரான குறைக்கு. ஹனோவரைச் சேர்ந்த ஸ்ட்ரோமேயர் தசையை வெட்டும் முறையை 1838இல் பிணத்தில் செய்து பார்த்து முன்மொழிந்தார். 1839 அக்டோபர் 26 அன்று பெர்லினில் டீஃபன்பாக், மூக்குப்பக்கம் திரும்பிய கண்ணுடைய ஏழு வயதுச் சிறுவனுக்கு உள்நேர்தசையை அறுத்தார். ஈதர் மயக்கம் புழக்கத்துக்கு வராத காலம் அது. முறை ஐரோப்பா முழுவதும் வேகமாகப் பரவியது, கூடவே அவப்பெயரும். அறுபட்ட தசை பின்னுக்கு நழுவ, உள்ளே திரும்பியிருந்த கண் பலருக்கு வெளியே போய்விட்டது. மாறுகண்ணை நீக்க வேண்டிய கத்தி வெளிமாறுகண்ணை உண்டாக்கியும் வைத்தது! 1850களில் கண் மருத்துவர் ஃபான் கிரேஃபே தசைத் தளர்த்தலுக்கு ஓர் அளவு கொண்டுவந்தார். தசையைப் பின்தள்ளி விழிவெண்படலத்திலேயே தைக்கும் முறையை 1922இல் ஜேம்சன் விளக்கிய பிறகுதான் அறுவை கணக்குக்குள் வந்தது.

இன்று இரு கண்களின் வெளிநேர்தசைகளையும் பின்தள்ளுவார்கள். அல்லது ஒரு கண்ணில் வெளித்தசையைத் தளர்த்தி உள்தசையைச் சுருக்குவார்கள். பெற்றோர் அஞ்சுவதுபோல் விழியை வெளியே எடுப்பதில்லை. 3 முதல் 10 வயதுவரையான 197 குழந்தைகளிடம் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட வட அமெரிக்க ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. மூன்றாண்டுகளுக்குள் பலன் திருப்தியற்றுப் போனவர்கள் முதல் முறையில் 46, இரண்டாவதில் 37 விழுக்காடு. புள்ளியியல்படி இது உறுதியான வேறுபாடு அல்ல.

நேரான கண் காலப்போக்கில் மீண்டும் ஒதுங்கக்கூடும் என்பதால், தொடக்கத்தில் சற்று உட்பக்கமாகவே நிறுத்துவது வழக்கம். அதனால் சில நாட்கள் இரட்டைப் பார்வை தோன்றலாம். நான்கு வயதுக்குக் கீழே அந்த உட்சாய்வு நீடித்தால் சோம்பேறிக் கண்ணும் ஆழப்பார்வை இழப்பும் நேரக்கூடும். கட்டுப்பாடு நன்றாக இருக்கும் சிறு குழந்தைக்குக் காத்திருப்பதே முறை. அறுவை வெற்றியானால் தோற்றம் சீராகும், தூர ஆழப்பார்வை மேம்படலாம். கண்ணாடியின் தேவை இதனால் நீங்காது.

அறுவைக்கு மாற்றாகத் தரப்படும் கூடுதல் மைனஸ் கண்ணாடி அணியும்வரை உதவுகிறது. நிறுத்திய பின் பலன் நிலைப்பதில்லை, கிட்டப்பார்வையும் கூடுகிறது.