லால்குடி ரயிலில் ஓடிய காட்டாமணக்கு

திருச்சியிலிருந்து லால்குடிக்கு ரயில்ல போயிருக்கீங்களா? காவிரியைத் தாண்டினா ஸ்ரீரங்கம் ஸ்டேஷன், அடுத்து கொள்ளிடம் பாலம். 2000-களில் இந்தத் தடத்துல ஓடிய டீசல் இன்ஜின்களுக்கு ஒரு வேலிச்செடியோட எண்ணெயையும் கலந்து ஊத்தினாங்க. அந்தச் செடி காட்டாமணக்கு. திருச்சி–கரூர், திருச்சி–திண்டுக்கல், தஞ்சாவூர்–நாகூர் தடங்களிலும் இதே கதைதான்.

யோசனை புதுசு இல்லை. 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆனா தாவர எண்ணெய் கெட்டியானது, நாளாவட்டத்துல இன்ஜினை அடைச்சிடும். இங்கேதான் வேதியியல் உள்ளே வருது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரினோடு பிணைந்திருக்கும். மெத்தனால் சேர்த்து, வினையூக்கியாகக் கொஞ்சம் காஸ்டிக் சோடா போட்டு, 60 டிகிரி வரை சூடாக்கினால் அந்தப் பிணைப்பு விடும். மேலே மிதப்பது பயோடீசல். அடியில் தங்குவது கிளிசரின், 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ. அது சோப்புக்கும் மருந்துக்கும் போகும்.

2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி 5% பயோடீசல் கலந்து சோதனையா ஓடியது. 2003-ல் திட்டக் கமிஷனின் குழு, 2011–12-க்குள் டீசலில் 20% கலக்கலாம்னு சொன்னது. அதுக்கு ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல காட்டாமணக்கு வேணும். ஆடு மாடு கடிக்காது, தரிசிலும் வளரும், அப்புறம் என்ன கவலைன்னு நினைச்சாங்க.

தரிசில் செடி பிழைச்சது, காய்தான் காய்க்கலை. காய்க்கணும்னா அதுக்கும் தண்ணி வேணும், உரம் வேணும். நம்பி நட்ட தமிழ்நாட்டு விவசாயிகள் பலர் கடைசியில பிடுங்கிப் போட்டாங்க. வினையூக்கி வேலையைச் சரியாத்தான் செஞ்சது. ஆனா வினையூக்கியால விதையை விளைவிக்க முடியாதே!

கதை அதோட முடியலை. அதே வினைக்கு இப்போ பலகாரக் கடையில மிஞ்சுற எண்ணெயே போதும். 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைச் சேகரிக்க ஒரு திட்டமே தொடங்கியது. மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருது. அதுக்குப் பதிலா கரும்பிலிருந்து வரும் எத்தனாலைப் பயன்படுத்தவும் ஆய்வுகள் நடக்குது.

அடுத்த தடவை சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பஜ்ஜி சாப்பிட்டா, கடைக்கார அண்ணன்கிட்ட ஒண்ணு கேளுங்க: "பழைய எண்ணெயை என்னண்ணே பண்றீங்க?"