ராயல் என்ஃபீல்டு (பெயர்க் காரணம்)

ராயல் என்ஃபீல்டு என்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மோட்டார் சைக்கிள் நிறுவனம் ஆகும். இதன் பெயர், இங்கிலாந்தின் அரசு ஆயுதத் தொழிற்சாலை அமைந்திருந்த என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்து வந்தது.

பெயர்த் தோற்றம்

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் மிதிவண்டி நிறுவனம் நடத்திய ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் ஆகியோர் அத்தொழிற்சாலைக்கு உதிரிப்பாகங்கள் வழங்கும் ஒப்பந்தத்தைப் பெற்றனர். அதன் நினைவாகத் தம் மிதிவண்டிக்கு என்ஃபீல்டு எனப் பெயரிட்டனர். 1893இல் 'ராயல்' என்னும் முன்னொட்டும், 'துப்பாக்கியைப் போல் உருவாக்கப்பட்டது' என்னும் பொருள்தரும் விளம்பர வாசகமும் சேர்ந்தன. பீரங்கி இதன் சின்னமானது. துப்பாக்கிக்குரிய துல்லியமும் உறுதியும் வண்டிக்கும் உண்டு என வாங்குவோர் நம்புவதற்கு இப்பெயர் உதவியது. 1932இல் அறிமுகமான 'புல்லட்' என்னும் பெயரும் இவ்வழியில் அமைந்ததே.

இந்தியாவில்

இந்தியாவில் என்ஃபீல்டு என்பது மற்றொரு நினைவையும் உடையது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமான கொழுப்புத் தடவிய தோட்டாக்கள், 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியவை.

விடுதலைக்குப் பின் இந்தியப் படையினர் எல்லைக் காவலுக்குப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தனர். இத்தேவையையொட்டி 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுடன் என்ஃபீல்டு இந்தியா உருவானது. சென்னை திருவொற்றியூரில் ஆலை அமைந்தது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்ற பின்னரும் சென்னையில் அது தொடர்ந்தது. 1994இல் ஐஷர் குழுமம் கையகப்படுத்திய பின், இந்நிறுவனம் ராயல் என்ஃபீல்டு எனப் பெயர் மாற்றம் பெற்றது. விளம்பரத்திற்காகச் சூட்டப்பட்ட படைத்துறைப் பெயர், இவ்வாறு இந்தியாவில் படையினரின் பயன்பாட்டாலேயே நிலைபெற்றது.