எந்த வாசலில் பாடப் போகிறோம்?



திருவருகைக் காலத்தின் மூன்றாம் வாரம் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் மாலை நேரத்தின் சத்தமே மாறிவிடும். இளைஞர்கள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு கோவில் முற்றத்தில் கூடுவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகமூடியைப் போன வருடம் எந்த அலமாரியில் வைத்தோம் என்று ஒரு தேடல் நடக்கும். பிறகு அன்பியம் அன்பியமாகக் கேரல் பவனி கிளம்பும். எத்தனை புதுப் பாடல்களைப் பழகிக்கொண்டு போனாலும், ஏதாவது ஒரு வீட்டில் வயதான பெரியவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "அந்த 'சைலன்ட் நைட்' பாட்டைப் பாடுங்கப்பா" என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

அந்தப் பாட்டு பிறந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எலிகள் ஆர்கனின் துருத்தியைக் கடித்துவிட்டன, இசைக்கருவி இல்லாமல் திண்டாடிய குருவானவர் அவசரமாக ஒரு பாட்டு எழுதினார் என்பீர்கள். நானும் இதைப் பல கிறிஸ்துமஸ் மறையுரைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவரே, அது உருவான விதத்தை 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று எழுதிவைத்திருக்கிறார். அதில் எலியும் இல்லை, கடிபட்ட துருத்தியும் இல்லை. எலிகள் பிற்காலக் கதாசிரியர்கள் அவிழ்த்துவிட்டவை. எலிக்கதை கேட்கச் சுகமானது. யாரையும் ஒன்றும் செய்யாது. உண்மையான கதை அப்படிப்பட்டதல்ல.

அது சால்ஸ்பர்க் நகரில் தொடங்குகிறது. இன்று ஆஸ்திரியாவில் இருக்கிறது. அன்று பேராயரே ஆட்சியாளராகவும் இருந்த நகரம். 1792 டிசம்பர் 11 அன்று அங்கே அன்னா ஷோய்பர் என்ற ஏழைப் பெண்ணுக்கு ஒரு மகன் பிறந்தான். பின்னல் வேலை செய்து பிழைத்தவர் அவர். திருமணம் ஆகவில்லை. குழந்தையின் தகப்பன் ஒரு படைவீரர்; பிள்ளை பிறப்பதற்கு முன்பே படையையும் விட்டு, இந்தப் பெண்ணையும் விட்டு ஓடிப்போனார். அன்னாவுக்கு மொத்தம் நான்கு குழந்தைகள், நால்வரும் மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவர்கள். அந்தக் காலத்துச் சட்டப்படி இது அபராதம் கட்டவேண்டிய குற்றம். பேராயரின் நகரத்தில் அப்படிப்பட்ட ஒரு தாய் எப்படி நடத்தப்பட்டிருப்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்க முன்வந்தவர் யார் தெரியுமா? மரண தண்டனைக் கைதிகளின் உயிரைப் பறிக்கும் வேலையில் இருந்தவர். மரியாதையான குடும்பங்கள் பக்கத்தில் அண்டவிடாத மனிதர். அவரும் திருமுழுக்குத் தொட்டியருகே நேரில் வரவில்லை. தம் சார்பில் ஒரு பெண்ணை அனுப்பிவைத்தார். ஓடிப்போன தகப்பனின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள்: யோசேப்பு மோர். (தமிழில் எழுதினால் நாம் குடிக்கும் மோர்தான், என்ன செய்ய!)

பையனுக்கு நல்ல குரல். பேராலயப் பாடகர் குழுவை நடத்திய குருவானவர் ஹியர்ன்லே அவனைக் கவனித்தார், படிக்கவைத்தார். ஒருவருடைய கண் பட்டதால் ஒரு வாழ்க்கை திரும்பியது. ஆனாலும் குருமட வாசலில் அவனுடைய பிறப்பு குறுக்கே நின்றது. பழைய திருச்சபைச் சட்டப்படி, முறையான திருமணத்தில் பிறக்காதவர் குருவாக முடியாது. தனி அனுமதி வாங்கவேண்டும். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில்தான் அந்தத் தடை இல்லாமல் போனது. குருமடத்தில் இதை ஒரு தேர்வுக் கேள்வியாக மட்டுமே படித்தேன். மோருக்கு அது வாழ்க்கைக் கேள்வி. அனுமதி கிடைத்து, 1815 ஆகஸ்ட்டில் குருப்பட்டம் பெற்றார்.

அடுத்த வருடம், மலைப்பகுதியான மரியபார் என்ற ஊரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது ஆறு பத்திகள் கொண்ட ஒரு கவிதை எழுதினார். 1816-ஐ ஐரோப்பாவில் கோடையே வராத ஆண்டு என்பார்கள். இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை முந்தின வருடம் வெடித்துக் கக்கிய சாம்பல் வானத்தை மறைத்து, பயிரெல்லாம் குளிரில் அழிந்தது. நெப்போலியன் போர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. ஊரெங்கும் பஞ்சம். அப்படி ஒரு வருடத்தில்தான் அமைதியான இரவைப் பற்றிய அந்தக் கவிதை எழுதப்பட்டது. மோர் தம் கையாலேயே எழுதிய பிரதி ஒன்று 1995-இல் கிடைத்த பிறகுதான் இந்த ஆண்டு உறுதியானது. ஆக, பாட்டு அவசரத்தில் எழுதியதும் அல்ல; இரண்டு வருடம் அவரிடம் காத்திருந்திருக்கிறது.

1817-இல் ஓபர்ன்டார்ஃப் பங்குக்கு மாற்றம். சால்சாக் ஆற்றங்கரையில், உப்பு ஏற்றிச்செல்லும் படகோட்டிகள் வாழ்ந்த ஊர். 1816-இல் அரசர்கள் வரைபடத்தில் கோடு போட்டு, ஆற்றையே எல்லையாக்கிவிட்டார்கள். அதுவரை ஒரே ஊராக இருந்தது இரண்டாகி, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த லாவ்ஃபன் பவேரியாவுக்குப் போனது. அக்கரையில் தாய்வீடு, இக்கரையில் புகுந்தவீடு என்றிருந்தவர்களின் நிலையை எண்ணிப்பாருங்கள். பனிக்காலத்தில் படகும் ஓடாது, கூலியும் இராது.

அந்த ஊர்ப் பங்குத்தந்தை நோஸ்ட்லருக்கு இந்த இளைய உதவித்தந்தையைப் பிடிக்கவில்லை. குருவுக்குரிய கம்பீரம் இல்லை, பக்தியை வளர்க்காத பாட்டுகளைப் பாடுகிறார் என்றெல்லாம் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பங்குத்தந்தையாக இருக்கும் எனக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. எனக்கும் உதவித்தந்தையர் இருந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் கிட்டார் வாசித்திருக்கிறார்கள். என் முகம் எப்படிப் போயிற்று என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

1818 டிசம்பர் 24. மோர் தம் கவிதையைக் கோவில் ஆர்கன் வாசிப்பவரிடம் கொடுத்தார். அவர் பக்கத்து ஊரான ஆர்ன்ஸ்டார்ஃபில் பள்ளி ஆசிரியர், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பெயர் ஃபிரான்ஸ் சேவர் குரூபர். ஆம், நம் கோட்டாற்றுச் சவேரியாரின் பெயர்தான்! இரண்டு தனிக்குரல்களுக்கும் பாடகர் குழுவுக்கும் கிட்டாருக்கும் ஏற்றபடி மெட்டு வேண்டும் என்று மோர் கேட்டார். அன்று இரவே பாடினார்கள். மோர் மேல்குரலில் பாடிக்கொண்டே கிட்டார் வாசித்தார், குரூபர் கீழ்க்குரல். ஒவ்வொரு பத்தியின் கடைசி வரிகளையும் பாடகர் குழு திரும்பப் பாடியது. வழிபாடு இலத்தீனில் நடந்த காலம் அது. பாட்டோ படகோட்டிகளின் மொழியில். கிட்டாரோ விடுதிகளில் ஒலித்த எளியவர்களின் கருவி.

பாட்டின் அந்த அமைப்பைக் கவனியுங்கள். இரண்டு பேர் பாட, மற்றவர்கள் வாய்பிளந்து கேட்பதற்காக அது செய்யப்படவில்லை. மற்றவர்களுக்கும் அதில் வரிகள் இருந்தன. லூக்கா நற்செய்தியிலும் வானதூதர்கள் ஆலயத்தில் பாடவில்லை. இரவுக் காவலில் இருந்த இடையர்களிடம் பாடினார்கள். கேட்டவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை, கடவுளைப் புகழ்ந்துகொண்டே திரும்பிப் போனார்கள்.

பிறகு அந்தப் பாட்டு நடந்த நடை பெரியது. ஆர்கன் பழுதுபார்க்க வந்த மவுராகர் என்பவர் அதைத் தம் ஊரான சில்லர்டால் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து கையுறை விற்கப் போன ஸ்ட்ராசர் குடும்பத்தார் ஜெர்மன் சந்தைகளில் பாடினார்கள். ரைனர் குடும்பப் பாடகர்கள் அமெரிக்காவரை கொண்டுசென்றார்கள். 1914-இல் போர்முனைப் பதுங்குகுழிகளில் அது ஒலித்த கதை எல்லாருக்கும் தெரிந்ததே, விட்டுவிடுகிறேன். இதற்கிடையில் எழுதியவரின் பெயர் காணாமல் போய், ஏதோ மலைநாட்டு நாட்டுப்பாடல் என்றே அச்சிட்டார்கள். பெரிய இசைமேதை ஒருவர் எழுதியதாக இருக்குமோ என்று பெர்லின் அரசவை விசாரித்தபோதுதான் குரூபர் அந்த 1854-ஆம் ஆண்டுக் குறிப்பை எழுதினார்.

மோர் அதைப் பார்க்கவில்லை. பங்கு பங்காக மாறிக்கொண்டே இருந்தவர், வாக்ரைன் என்ற மலையூரில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காகப் பாடுபட்டு, 1848 டிசம்பரில் நுரையீரல் நோயால் இறந்தார். உயிரோடு இருந்தபோது அவரை யாரும் படமாக வரைந்துவைக்கவில்லை.

நேயர்களே, இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் பவனியெல்லாம் முடிந்து, சனவரி முதல் வாரத்தில் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். சண்டைக்கு வரவில்லை. ஏதோ சான்றிதழ் கேட்டு வந்தவர், போகும்போது சொன்னார்: "சாமி, பவனி எங்க தெருவுக்கு வந்த அன்னைக்குப் பதினோரு மணி வரைக்கும் நாங்க விளக்கை அணைக்கல. பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அந்தப் பக்கமா போயிருச்சு."

விசாரித்தேன். பவனிக்கான வீட்டுப் பட்டியலைக் கோவில் வரி நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த வீடு நோட்டில் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்கே தெரியும். கோவிலில் நடக்காத திருமணம், விட்டுப்போன கணவர், ஒரு மகள். எங்கள் இளைஞர்களைக் குறைசொல்லமாட்டேன். அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தத் தெருவில் மற்ற எல்லா வாசல்களிலும் நாங்கள் பாடியது மோரின் பாட்டைத்தான். அவருடைய தாய் அந்தத் தெருவில் குடியிருந்தால், எந்த வீட்டில் இருந்திருப்பார்?

ஆஸ்திரியாவில் 1954 முதல் கத்தோலிக்கச் சிறுவர்கள் மூன்று அரசர்களைப் போல உடுத்திக்கொண்டு, சனவரித் தொடக்கத்தில் வீடு வீடாகப் பாடப் போகிறார்கள். வசூலாவதை ஏழை நாடுகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள், இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. பாடிய வீட்டின் நிலைக்கதவில் சுண்ணக்கட்டியால் ஓர் ஆசீர் எழுதிவிட்டு வருவார்கள். எங்கள் பவனி வசூல் போன வருடம் மைக்செட் வாடகைக்கும் பிரியாணிக்கும் சரியாகப் போயிற்று. பிரியாணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் இளைஞர்கள் என்னை விடமாட்டார்கள்.

இந்த வருடம் பட்டியலை வேறுவிதமாகத் தயாரித்தோம். அன்பியப் பொறுப்பாளர்கள் வரி நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு, தெருத் தெருவாக நடந்து வீடுகளை எழுதி வந்தார்கள். நோட்டில் இல்லாத வீடுகள் மட்டுமே ஒரு பக்கத்துக்கு மேல் இருந்தன. முதல் நாள் பவனி அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து கிளம்புகிறது. உண்டியல் கிடையாது. இதைச் சொல்ல நானே போயிருந்தேன். மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பாடி முடிச்சதும் நானும் உங்க கூட வரலாமா சாமி?" என்று கேட்டாள். வரலாம் என்றேன்.

தாய் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "எத்தனை பேர் வருவீங்க? டீ போடணும்ல" என்றார். நாற்பது பேர் இருக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, டம்ளரைப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.