கனேரி என்னும் பெயர்

சொல்லின் வரலாறு சிலபோது மாந்தரின் வரலாறாகவும் அமைவதுண்டு. கனேரி என்னும் பாடும் பறவையின் பெயர் அதற்குத் தக்க சான்றாகும்.

இலத்தீனில் 'கனிசு' என்பது நாயைக் குறிக்கும். ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவொன்று, ஆங்குப் பெருநாய்கள் மிகுந்திருந்தமையால் 'கனாரியா' எனப்பட்டது என்று முதலாம் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி எழுதினார். 15ஆம் நூற்றாண்டில் அத்தீவுக் கூட்டம் முழுவதும் ஸ்பானியர் வசமாயிற்று. பின்னர், ஆங்கிருந்து ஐரோப்பா சென்ற பறவையும் மதுவும் தீவின் பெயராலேயே வழங்கலாயின. இயல்பிற் பசுமையும் பழுப்பும் கலந்த அப்பறவை, கூட்டில் வளர்க்கப்பட்டுத் தலைமுறை பல கழிந்தபின் மஞ்சள் நிறம் எய்தியது. அம்மஞ்சளும் கனேரி எனப் பெயர் பெற்றது.

எனினும், இப்பெயர்க்கு ஆழ்ந்த பொருளை அளித்தது நிலக்கரிச் சுரங்கமே. சுரங்க வெடிப்புகளில் மாண்டோருட் பலர் காபனோரொட்சைட்டு வாயுவினால் உயிரிழந்தனர் என்பதை 1896இல் ஆங்கில நாட்டரசுக்கு அளித்த அறிக்கையில் ஹால்டேன் என்னும் உடலியலறிஞர் விளக்கினார். மணமும் நிறமும் அற்ற அந்நஞ்சை மனிதர் உணர்தல் அரிது. விரைந்து மூச்செறியும் சிறு பறவையோ முன்னரே மயங்கி வீழும். அது கண்டு தொழிலாளர் உயிர்தப்புவர். கருவிகள் அவ்விடத்தைப் பெறும்வண்ணம் பறவைகளுக்கு விடையளிக்கும் முடிவு பிரித்தானியச் சுரங்கங்களில் 1986இலேயே அறிவிக்கப்பட்டது.

இன்று ஆங்கிலத்தில், வருங்கேட்டை முதலில் தன்மேல் ஏற்று உணர்த்தும் எதனையும் சுரங்கக் கனேரி என்பர். நாயிற் பிறந்த பெயர், தீவையும் மதுவையும் நிறத்தையும் கடந்து, எளியோர்க்காக எளிய உயிரொன்று அளித்த விலையின் நினைவாக நிலைபெற்றுள்ளது.