தோட்டத் திடலும் தேசியக் காற்பந்தும்

விளையாட்டு என்றால் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் பெற்றோர் இன்றும் உண்டு. ஆனால் மலேசிய இந்தியர்களின் வரலாற்றில் காற்பந்து வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. பால் வாளியையும் ரப்பர் மரத்தையும் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு, நாட்டின் சட்டையைத் தானும் ஒரு நாள் அணியலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது அந்தப் பந்துதான்.

கப்பல் தந்த இரண்டு கிண்ணங்கள்

1921ஆம் ஆண்டு எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்நாட்டுக்கு வந்தது. அந்தக் கப்பலைக் கட்டிய செலவை ஏற்றது கூட்டு மலாய் மாநிலங்களின் கருவூலம். ஈயமும் ரப்பரும் சேர்த்த கருவூலம் அது. தங்களுக்குக் கிடைத்த வரவேற்புக்கு நன்றியாகக் கப்பல் அதிகாரிகள் இரண்டு கிண்ணங்களை வழங்கினர். ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு.

ரக்பி பெரும்பாலும் துரைமார்களின் கிளப் திடலிலும் பெரிய ஆங்கிலப் பள்ளிகளிலும் தங்கிவிட்டது. காற்பந்து அப்படி நிற்கவில்லை. ஒரு பந்தும் நான்கு கம்பும் போதும் என்பதால், அது தோட்டத்து லயம் வரை வந்து சேர்ந்தது. மலாயா கிண்ணக் காற்பந்தின் முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்ற கோல் கணக்கில் சிலாங்கூரை வென்றது. அன்று தோற்ற சிலாங்கூர்தான் பின்னாளில் அக்கிண்ணத்தை 33 முறை வென்று நாட்டிலேயே முன்னணிக் குழுவாக நின்றது.

கோல சிலாங்கூர் மண்

கோல சிலாங்கூர் வட்டாரம் தோட்டங்களால் உருவானது. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு, வாணிப நோக்கில் நாட்டின் முதல் செம்பனை நடப்பட்டது. அதை நட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே, பின்னர் மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். அந்த மண்ணை உழைத்துப் பண்படுத்திய தமிழர்களுக்கு எந்தப் பரிசும் வரவில்லை.

புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, அதற்குக் கிழக்கே உலு சிலாங்கூர் வரை தோட்ட வாழ்க்கை ஒரே அச்சில் வார்த்தது போன்றது. விடியுமுன் பெரட்டுக்களம், நண்பகல் வரை பால்வெட்டு, மாலையானால் திடல். கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது தோட்டம். கோயில் திருவிழாவுக்கு இணையான கூட்டம் தோட்டங்களுக்கிடையிலான காற்பந்தாட்டத்துக்கும் கூடியது. காலணி இல்லாத கால்கள் ஓடப் பழகியது இத்தகைய திடல்களில்தான்.

பொற்காலம்

1957இல் நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே மெர்டேக்கா காற்பந்துப் போட்டி தொடங்கியது. 1958, 1959 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மலாயா வென்றது; 1960இல் தென் கொரியாவுடன் பகிர்ந்துகொண்டது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம் கிடைத்தது.

1971இல் சியோலில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மலேசியா ஜப்பானை 3-0 எனவும் தென் கொரியாவை 1-0 எனவும் வீழ்த்தியது. 1972 மியூனிக் ஒலிம்பிக்குச் சென்ற அக்குழுவின் தற்காப்பில் எம். சந்திரன் இருந்தார். மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றாலும், அமெரிக்காவை 3-0 என வென்று திரும்பியது மலேசியா. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மீண்டும் வெண்கலம்.

அடுத்து வந்தவர் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைத் தடுக்கும் லாவகத்துக்காக ரசிகர்கள் அவரை "ஸ்பைடர்மேன்" என்றனர். அவருக்கு முன்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங். முனையில் மொக்தார் டஹாரி. தமிழர், சீனர், சீக்கியர், மலாய்க்காரர் என எல்லா இனமும் கலந்த குழு அது. யாருடைய மகன் என்று எவரும் கேட்கவில்லை. பந்தைத் தடுப்பானா, கோல் போடுவானா என்றுதான் கேட்டார்கள்.

1980 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றது மலேசியா. வெற்றிக் கோலைப் போட்டவர் சபாவின் ஜேம்ஸ் வோங். ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அதன் இடத்தில் ஈராக் ஆடியது. வென்ற வாய்ப்பை விட்டுக்கொடுத்த அந்த வீரர்களின் கதையைத் தழுவி 2016இல் "ஓலா போலா" திரைப்படம் வந்தது. அதைப் பார்க்க ஆறுமுகம் இல்லை. 1988இல் சாலை விபத்தில் அவர் காலமானார்.

ராஜகோபால் தந்த பாடம்

பிறகு நீண்ட தேக்கம். அதை உடைத்தவர் பயிற்றுநர் கே. ராஜகோபால். 2009 லாவோஸ் சீ விளையாட்டில், 20 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வந்தது. 2010 ஆசியான் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என மலேசியா தோற்றபோது பலர் கைகழுவினர். அவர் இளைஞர்களைக் கைவிடவில்லை. அதே இந்தோனேசியாவை இறுதியில் இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 4-2 என வென்று, மலேசியா முதன்முறையாக அக்கிண்ணத்தைத் தூக்கியது. அக்குழுவில் எஸ். குணாளனும் இருந்தார்.

திடல் எங்கே?

இந்த வரிசை ஏன் நீளவில்லை? திறமை குறைந்துவிட்டது என்பது பதிலாகாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாயின. மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். கோயிலை இடம் மாற்றப் போராடினார்கள்; தமிழ்ப்பள்ளியைக் காக்கப் போராடினார்கள். திடலுக்காகப் போராட யாருக்கும் தோன்றவில்லை.

முயற்சிகள் இல்லாமலில்லை. இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் முயற்சியில் வளர்ந்த குழு, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019 முதல் 2022 வரை சூப்பர் லீக்கில் ஆடியது. பிறகு அதுவும் விலகிக்கொண்டது.

2025 செப்டம்பரில் ஃபிஃபா எடுத்த நடவடிக்கை நாட்டையே தலைகுனிய வைத்தது. பாட்டன் பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டப் போலி ஆவணங்கள் பயன்பட்டதாகக் கூறி, வெளிநாட்டில் பிறந்த 7 ஆட்டக்காரர்களுக்குத் தடையும் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதமும் விதித்தது அது. கடல் கடந்து பேரப்பிள்ளைகளைத் தேடிய நாட்டில், நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஆட ஒரு திடல் இல்லாமல் நிற்கிறார்கள்.

மாணவர் குறைந்த தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் தன் திடலைச் செப்பனிட வேண்டும். கோயில் நிர்வாகங்கள் திருவிழாச் செலவில் ஒரு பகுதியைச் சிறுவர் போட்டிக்கு ஒதுக்க வேண்டும். பிள்ளை பந்தோடு வெளியே போனால் பெற்றோர் தடுக்காமல் இருக்க வேண்டும். அடுத்த ஆறுமுகம் கோல சிலாங்கூரின் ஏதோ ஓர் அடுக்குமாடியில் இப்போது இருக்கலாம். அவன் கையை நீட்டிப் பழக ஒரு கோல் கம்பம் வேண்டும்.